கரியன் வாயில் பந்து

கரியன் வந்து இறங்கிய மத்தியானம் நான் ஒரு மரக்குதிரைக்கு வால் ஒட்டிக்கொண்டிருந்தேன். லாரி பின்பக்கமாகவே வந்து பட்டறை வாசலை அடைத்து நின்றது. உள்ளே இருந்த வெளிச்சம் பாதியாகக் குறைந்தது. இரண்டு ஆட்கள் ஆளுயரக் கூண்டு ஒன்றை மூச்சு வாங்க இறக்கி, என் மேஜைக்கு எதிரே வைத்தார்கள்.

பழைய பொருட்காட்சி விளையாட்டுகளை வாங்கிச் சரிசெய்து, பிறந்தநாளுக்கும் வரவேற்புக்கும் கம்பெனி விழாவுக்கும் வாடகைக்கு விடுவது என் அண்ணனின் தொழில். வளையம் எறிவது, ஆளைக் குண்டாகக் காட்டும் கண்ணாடி, உட்கார்ந்தால் ஆடும் குதிரை, இப்படி. வாங்குவதும் வாயடிப்பதும் அவன் வேலை. ஒட்டுவதும் தேய்ப்பதும் வர்ணம் பூசுவதும் என் வேலை. எனக்கு அவன் வைத்திருக்கும் பெயர் தார் டின். நான் கருப்பு. அவனும் கருப்புதான், ஆனால் வீட்டில் ஒருவருக்குத்தான் அந்தப் பட்டம் என்று முடிவாகிவிட்டதால் அவன் தப்பித்துக்கொண்டான்.

கோணியை உருவியதும் பழைய தோலும் பூஞ்சையும் கலந்த நாற்றம் வந்தது. கூண்டின் முன்பக்கம் ஜன்னல் போலத் திறந்திருந்தது. அதற்குள் இடுப்பு வரைக்கும் ஒரு பையன் பொம்மை, அதுதான் கரியன். பளபளக்கும் கருப்பு. முட்டையைப் பாதியாக வெட்டிப் பதித்ததைப் போலக் கண்கள். முகத்தில் பாதியை விழுங்கிக்கொண்டு முன்னால் நீட்டிய வாய், சைக்கிள் ட்யூப் தடிமனில் சிவப்பு உதடு. விளையாட்டு சுலபம். தள்ளி நின்று அந்த வாய்க்குள் பந்து எறிய வேண்டும். பந்து விழுந்தால் உள்ளே ஒரு தோல் துருத்தி அமுங்கி, பொம்மை சிரிக்கும். பின்னால் ஒரு சின்னக் கதவு, உள்ளே ஒருவர் குந்தி உட்கார்ந்து பந்தைப் பொறுக்கித் தர இடம்.

அந்தக் கதவுக்கு வெளியே மட்டும் தாழ்ப்பாள் இருந்தது. ஆள் உட்காரும் இடத்தை எதற்கு வெளியிலிருந்து பூட்ட வேண்டும் என்று எனக்கு அப்போதே உறுத்தியது.

அண்ணன் மகள் பள்ளிக்கூடம் விட்டு நேராகப் பட்டறைக்கு வந்தாள். நான் அவளைச் சிட்டு என்று கூப்பிடுவேன். மேல்வரிசையில் ஒரு பல் விழுந்து அப்போதுதான் ஒரு வாரம் ஆகியிருந்தது. பேசினாலும் சிரித்தாலும் அந்த ஓட்டை வழியாகச் சின்ன விசில் வரும். என் நிறம் அப்படியே அவளுக்கு வந்திருந்தது.

"ஏய் கரிக்குட்டி, வா வா! உன் தம்பி வந்திருக்கான் பாரு" என்றான் அண்ணன். லாரி ஆட்கள் சிரித்தார்கள். சிரிப்பு கிடைத்துவிட்டால் அவனால் நிறுத்த முடியாது. "இவளைத் தூக்கி உள்ள உக்கார வெச்சா ஒருத்தனுக்கும் வித்தியாசம் தெரியாது!"

சிட்டு கீழுதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டாள். அழுகை வரும்போது அவள் அதைத்தான் செய்வாள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். அந்தப் பழமொழியைப் பொய்யாக்கவே பிறந்தவன் என் அண்ணன்.

அவர்கள் போனபிறகு அவள் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அத்தை, நான் இப்படியா இருக்கேன்?"

"சேச்சே. யார் சொன்னா?"

"அப்ப எல்லாரும் ஏன் சிரிச்சாங்க?"

அவள் பொம்மையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவனுக்கு வாய் வலிக்காதா? எப்பவும் திறந்தே இருக்கே" என்றாள்.

எங்கள் வேலையில் ஜன்னல் திறப்பது என்று ஒன்று உண்டு. பழைய பொருளில் யார் கண்ணிலும் படாத இடமாகப் பார்த்து, நகமளவுக்கு ஒரு சதுரம் கத்தியால் சுரண்டுவோம். மேல் வர்ணத்துக்குக் கீழே என்ன இருக்கிறது, அதற்கும் கீழே என்ன இருக்கிறது என்று தெரியும். கரியனுக்குக் காதுக்குப் பின்னால் சுரண்டினேன். கருப்பு. அதற்குக் கீழே வேறொருவன் பூசிய கருப்பு. அதற்கும் கீழே இன்னொன்று. கைமாறிய ஒவ்வொருவனும் இது போதாது என்று மேலே பூசியிருக்கிறான். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பழுப்பு வந்தது.

நிறம் கலக்கும்போது மணிக்கட்டில் ஒரு பொட்டு வைத்துப் பார்ப்பது என் பழக்கம். அந்தப் பழக்கத்தில் மணிக்கட்டை அந்தச் சதுரத்தின் பக்கத்தில் கொண்டுபோனேன். என் தோல் எங்கே முடிகிறது, அது எங்கே தொடங்குகிறது என்று எனக்கே தெரியவில்லை.

அந்தப் பெரிய வாய் காகிதக்கூழில் தனியாகச் செய்து முகத்தின் மேல் ஒட்டப்பட்டிருந்தது; அதில் விழும் பந்து முகவாய்க்குக் கீழே இருந்த துளை வழியாகக் கூண்டுக்குள் இறங்கும். ஓரத்தில் வெந்நீர்த் துணி வைத்து, பிசின் இளகியதும் மெல்ல நெம்பினேன். முழுசாகக் கழன்று கையோடு வந்தது.

யாரோ மூச்சு விட்டார்கள்.

வெந்நீர் ஆவி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் வந்த வாசனை ஆவியின் வாசனை இல்லை. வெயிலில் ஓடியாடிவிட்டு வந்த பிள்ளையின் தலை வாசனை.

கீழே சின்னதாக ஒரு வாய் இருந்தது. மூடிய வாய். எட்டு வயதுப் பையனின் அழகான, பிடிவாதமான வாய். முகவாயில் சாய்வாக ஒரு தழும்பு, அதில் தையல் போட்ட புள்ளிகள் கூடத் தெரிந்தன. பொம்மை செய்கிறவன் அழகாகச் செய்வான், அசிங்கமாகவும் செய்வான். தையல் தழும்பை எவன் செய்வான்?

"அத்தை, இப்ப அவனுக்கு வலிக்கலையாம்" என்றாள் சிட்டு பின்னாலிருந்து.

சாயங்காலம் அண்ணன் மண்டபத்துக்காரம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தான். ஊரில் பாதி விழாக்கள் அந்தம்மாவின் கூடத்தில்தான் நடக்கும். ஞாயிற்றுக்கிழமை ஒரு பிறந்தநாளுக்குக் கரியனைப் பேசி முடித்திருந்தார்கள். வாய் இல்லாத பொம்மையைப் பார்த்ததும் அண்ணனுக்குக் கோபம் தலைக்கேறியது.

"எவடி இதக் கழட்டச் சொன்னது?"

"அண்ணா, இது நெஜப் பையனோட முகம். யாரோ ஒரு பிள்ளைய வெச்சு அச்சு எடுத்திருக்காங்க. அது மேல இந்தக் கண்றாவிய ஒட்டி எறிஞ்சு விளையாடியிருக்காங்க. இந்தக் காலத்துலயும் நாம இத வெச்சு சிரிக்கணுமா?"

"அந்தக் காலத்துல யாரும் இதுக்கெல்லாம் முகம் சுளிச்சதில்லம்மா" என்றார் மண்டபத்துக்காரம்மா, சமாதானம் பேசும் குரலில். "இப்பதான் தொட்டதுக்கெல்லாம் மனசு புண்படுது. பொம்மைக்கு என்ன தெரியும்?"

"நாமளே கருப்பு. வேற எவனாவது சிரிச்சா தப்புன்னு சொல்லு, ஒத்துக்கறேன். கருப்பப் பாத்து கருப்பு சிரிச்சா என்ன குத்தம்?" என்றான் அண்ணன். "அவன் செத்து எத்தனை காலமாச்சோ. எழுந்து வந்து கேஸா போடப் போறான்? ஒட்டு வாயை."

நான் ஒட்டவில்லை. அவனே பிசினைக் குழைத்து ஒட்டினான். உதட்டுக்குப் புதுச் சிவப்பும் அவனே பூசினான். பூசும்போது சிட்டுவைக் கூப்பிட்டு அவள் உதட்டிலும் ஒரு கோடு இழுத்தான். "இப்ப அக்கா தம்பி பொருத்தம் சரியா இருக்கு" என்றான். அவள் கடித்த உதட்டை விடவே இல்லை. பல்லெல்லாம் சிவப்பாகிவிட்டது.

அவன் போனதும் நான் பின்கதவைத் திறந்து, துருத்தித் தோலைக் கத்தியால் கிழித்தேன். ஒட்டுப் போட முடியாதபடி கிழித்தேன். சிரிக்காத கரியனை எவரும் வாடகைக்கு எடுக்க மாட்டார்கள், கதை அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். எனக்கு அன்று நல்ல தூக்கம்.

ஞாயிற்றுக்கிழமை முற்பகல் அண்ணன் வீட்டுக்குப் போனபோது அண்ணி மட்டும் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"சிட்டு எங்க அண்ணி?"

"விழாவுக்கு அவரு கூட்டிட்டுப் போயிட்டாரு. ஏதோ கூடமாட ஒத்தாசை வேணுமாம். போக மாட்டேன்னு ஒரே அழுகை. சிரிக்கறதுக்குக் கூடவா ஒரு பிள்ளை அழும்?"

செருப்பை மாட்டினேனா என்று கூட நினைவில்லை. ஓடினேன்.

கூடத்தில் பட்டப்பகலில் திரைகளை எல்லாம் இழுத்து விட்டு இருட்டாக்கியிருந்தார்கள். கலர் விளக்குகள் சுற்றிக்கொண்டிருந்தன. அந்த இருட்டில் பலூன் ரப்பர் வாசனை. கரியனுக்கு முன்னால் பிள்ளைகள் நீள வரிசையாக நின்றார்கள். ஒரு பந்து கன்னத்தில் பட்டுத் தெறித்தது. அடுத்தது கண்ணில் பட்டது. மூன்றாவது வாய்க்குள் போனது.

பொம்மை சிரித்தது.

ஹ. ஹ. ஹ. ஹா. காய்ந்த தோல் மடிந்து விரிவதைப் போன்ற சிரிப்பு.

அண்ணன் பக்கத்தில் போனேன். "சிரிப்புக்கு என்ன பண்ணின?"

"உன் கத்தி வேலை எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா தார் டின்னு?" அவன் வாடிக்கையாளருக்காக வைத்திருந்த புன்னகை மாறவே இல்லை. "உள்ள என் பொண்ணு உக்காந்திருக்கா. பந்து விழுந்தா சிரிக்கச் சொல்லியிருக்கேன். துருத்தியவிட நல்லாத்தான் சிரிக்கறா."

அந்தச் சிரிப்பில் விசில் இல்லை.

நான் கூண்டின் பின்னால் போய்த் தாழ்ப்பாளைத் தள்ளினேன். உள்ளே முழங்காலைக் கட்டிக்கொண்டு, பந்துகளுக்கு நடுவே சிட்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு கைகளாலும் வாயை இறுக்கப் பொத்தியிருந்தாள். அந்த நேரத்தில் முன்னால் இன்னொரு பந்து விழுந்தது. அவள் தலைக்கு மேல், பொம்மையின் முதுகுக்குள்ளிருந்து, சிரிப்பு வந்தது.

அவள் கையை எடுத்தாள். "அத்தை, நான் சிரிக்கல."

"தெரியும்டா. வா."

"அவன்தான் சிரிக்கறான். சிரிச்சு முடிச்சதும் கேக்கறான்."

"என்ன கேக்கறான்?"

"மாத்திக்கலாமான்னு."

நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். அதற்குள் அண்ணன் என் தோளைப் பிடித்து அதைவிட வேகமாகப் பின்னால் தள்ளினான். கதவு சாத்தப்பட்டது. தாழ்ப்பாள் விழுந்தது.

"இன்னும் ஒரே ஒரு பந்து. நானே போட்டுக் காட்டறேன்னு சொல்லியிருக்கேன். நாலு பேர் முன்னாடி மானத்த வாங்காத."

அவன் முன்பக்கம் போய்விட்டான். நான் தாழ்ப்பாளைப் பிடித்துத் தள்ளினேன். நானே எண்ணெய் போட்டு வைத்த தாழ்ப்பாள், சற்று முன் ஒரு விரலுக்கு நகர்ந்த தாழ்ப்பாள். இப்போது அசையவில்லை. நகம் பிய்ந்ததுதான் மிச்சம். பலகைக்கு அந்தப் பக்கம் ரொம்ப மெதுவாக இரண்டு குரல்கள் பேசிக்கொண்டன. ஒன்று சிட்டுவின் குரல். அவள் மாட்டேன் என்று சொன்னாள்.

"எல்லாரும் பாத்துக்கோங்க, குறி வெக்கறதுன்னா என்னன்னு!" என்றான் அண்ணன்.

பந்து காற்றில் போகும் சத்தம் கேட்டது. அது வாய்க்குள் விழுந்தது.

"அப்பா!"

பொம்மையின் வாயிலிருந்து வந்தது. அந்தக் குரலில் விசில் இருந்தது.

கூடமே கைதட்டியது. பிள்ளைகள் குதித்தார்கள். "இது புதுசா இருக்கே!" என்று மண்டபத்துக்காரம்மா வாய்விட்டுச் சிரித்தார். அந்தக் கைதட்டலுக்கு அண்ணன் குனிந்து வணக்கம் சொன்னான்.

தாழ்ப்பாள் தானாக நகர்ந்தது.

சிட்டு வெளியே வந்தாள். வெளிச்சம் கூசியவளைப் போலக் கண்ணைச் சுருக்கி, கைவிரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிப் பார்த்தாள். என்னைத் தாண்டிப் போனாள், அத்தை என்று கூப்பிடவில்லை. நேராக அப்பாவிடம் போய் நின்றாள்.

"எங்க, நல்லா சிரிச்சியா என் கரிக்கட்டை?"

அவள் சிரித்தாள். வாய் நிறைய, எல்லாப் பல்லும் தெரிய. ஒரு பல் கூடக் குறையவில்லை.

மறுநாள், அவள் முகவாயில் இருந்த தழும்பைப் பற்றி அண்ணியிடம் கேட்டேன். "கூண்டுக்குள்ள இடிச்சுக்கிட்டாளாம்" என்றாள். நேற்று இடித்த காயம் இன்றைக்குள் ஆறித் தழும்பாகுமா, இந்தத் தையலை யார் போட்டது என்று கேட்டேன். அண்ணி சட்டென்று கையிலிருந்த துணியைப் பார்க்கத் தொடங்கினாள். பல்லைப் பற்றிக் கேட்டேன். "விழுந்த பல் முளைக்காம என்ன செய்யும்?" என்றாள். அவளுக்குத் தெரிந்திருந்தது என்றே இன்றைக்கும் நினைக்கிறேன். தெரியாததைப் போல இருப்பது அந்த வீட்டில் வாழ்வதற்கு அவள் கற்றுக்கொண்ட வித்தை.

கரியன் பட்டறைக்குத் திரும்பியதும் நான் மறுபடி வெந்நீர் வைத்தேன். பிசின் இளகும் முன்பே நெம்பியதால் வாய் இந்தத் தடவை இரண்டாக உடைந்து வந்தது. கீழே சின்ன வாய். முகவாய் வழுவழுவென்று இருந்தது, தழும்பு இல்லை. மேல்வரிசையில் ஒரு பல் இல்லை.

கீழுதட்டைப் பல் கடித்துக்கொண்டிருந்தது.

கன்னத்தில் கை வைத்தேன். ஈரமாக இருந்தது. துடைத்தேன். மறுபடி ஈரமானது.

அண்ணனைச் சட்டையைப் பிடித்து இழுத்து வந்தேன். அவன் பின்னாலேயே அந்தப் பெண்ணும் துள்ளிக்கொண்டு வந்தாள். "நல்லாப் பாரு. பெத்தவன்தானே நீ? இதுல உன் பொண்ணு எதுன்னு சொல்லு."

அவன் பார்த்தான். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவன் முகத்தில் ஏதோ ஓடியது. அவன் அதைப் பிடித்திருந்தால் போதும். அதற்குள் பக்கத்தில் நின்றவள் சிரித்தாள், அவனும் சிரித்துவிட்டான்.

"அச்சு அசல்! நான் அன்னைக்கே சொன்னேன்ல, ஒருத்தனுக்கும் வித்தியாசம் தெரியாதுன்னு?" அவள் தலையைத் தடவிக்கொடுத்தான். "முன்னெல்லாம் நான் ஒரு வார்த்த சொன்னா உன்ன மாதிரி மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவா. இப்பதான் என் பொண்ணுக்கு விளையாட்டு புரியுது."

அன்றே என்னிடமிருந்து பட்டறைச் சாவியை வாங்கிக்கொண்டான். எனக்குப் பைத்தியம் என்று வீட்டில் முடிவாயிற்று. உடைந்த வாய்க்குப் பதில் இன்னும் பெரிதாக ஒன்று செய்து ஒட்டி, கரியனை மண்டபத்திலேயே நிரந்தரமாக நிறுத்திவிட்டான். கூண்டைக் கோடாலியால் உடைக்கலாம் என்று எத்தனையோ தடவை கிளம்பியிருக்கிறேன். உடைத்தால் எது உடையும் என்று தெரியாமல் திரும்பியிருக்கிறேன்.

ஒரு மத்தியானம் அண்ணி அந்தப் பெண்ணுக்குத் தலை பின்னச் சொல்லிவிட்டுக் கடைக்குப் போனாள். ஜன்னலோரம் உட்கார வைத்துக் கூந்தலைப் பிரித்தேன். வெளிச்சம் நன்றாக விழுந்தது. வலது காதுக்குப் பின்னால் நகமளவுக்கு ஒரு சதுரம் இருந்தது. நாலு ஓரமும் கத்தி வைத்ததைப் போல நேராக இருந்தன. அது என் கத்தியின் அளவு. அதற்குள் பளபளவென்று கருப்பு வர்ணம்.

சீப்பு என் கையிலிருந்து விழுந்தது. அவள் திரும்பவில்லை.

"என் சிட்டுவ விட்டுடு" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"அழறாளா இன்னும்?" என்று அவள் கேட்டாள். கேலி இல்லை, கோபம் இல்லை, விசாரிக்கும் குரல். "நானும் முதல்ல அப்பா அப்பான்னு அழுதேன் அத்தை. அழுதா இன்னும் ஓங்கி எறிவாங்க. சிரிச்சாத்தான் கொஞ்சம் மெதுவா எறிவாங்க. அவளும் கத்துக்குவா."

பிறகு சீப்பை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

விழா நடக்கும் நாளெல்லாம் நான் மண்டபத்துக்குப் போகிறேன். பிள்ளைகளோடு வரிசையில் நிற்கிறேன். என் முறை வரும்போது பந்தை வேண்டுமென்றே சுவரில் எறிகிறேன். மறுபடி வரிசையின் கடைசியில் போய் நிற்கிறேன். ஒரு பந்தாவது குறையட்டும். குறி வைக்கத் தெரியாத அத்தை என்று பிள்ளைகள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அண்ணனும் சிரிக்கிறான், அவன் தோளில் உட்கார்ந்திருப்பவளும் சிரிக்கிறாள். ஆனால் எனக்குப் பின்னால் நிற்பவர்களுக்கெல்லாம் நன்றாகவே குறி வைக்கத் தெரிகிறது.

போன வாரம் வரைக்கும் ஒவ்வொரு பந்துக்கும் உள்ளேயிருந்து அழுகைதான் வந்தது. அதைத்தான் கூட்டம் ரசித்தது.

இன்றைக்கு முதல் பந்து விழுந்தது. அழுகை வரவில்லை. நான் கையைக் கூப்பிக்கொண்டு நின்றேன்.

ஹ. ஹ. ஹ. ஹா.

ஒவ்வொரு ஹாவுக்கும் நடுவில், பல் விழுந்த ஓட்டை வழியாகச் சின்னதாக ஒரு விசில் வந்தது.